பெல் அடித்தால்தான் கதவு

டியூஷன் எடுப்பதுதான் என் தொழில். கரமனையில் எங்கள் வீட்டு முன்னறையில் பாயை விரித்து, கணக்கில் தட்டுத் தடுமாறுகிற பிள்ளைகளை உட்கார்த்தி வைத்துத் தேற்றி அனுப்புவேன். எந்தப் பரீட்சையாக இருந்தாலும் சரி, பழைய கேள்வித்தாள்களைத் தேடிப் பிடித்து, எது வரும் எது வராது என்று மோப்பம் பிடித்து, பதிலைப் பிள்ளையின் வாயில் திணித்துவிட்டால் மீதி தானாக நடக்கும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். அந்த வித்தையை என் சொந்த மகளிடமே காட்டப்போய் மூக்கை உடைத்துக்கொண்டேன்.

மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். ஆள் என் உயரத்துக்கு வந்துவிட்டாள், என் செருப்பு அவளுக்குச் சரியாக இருந்தது, என் பேச்சை மட்டும் பாதிதான் கேட்பாள். அது ஆட்டிசத்தாலா, பதின்மூன்று வயதாலா என்று இன்றுவரை யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. புதுப் புத்தகம் வந்தால் முதலில் மோந்து பார்ப்பாள். சந்தோஷம் வந்தால் இரண்டு கையையும் உதறுவாள். கூட்டமாகச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிவிடுவாள். அப்புறம், கதவுகளைத் தாழ் போடுவாள்.

இந்தத் தாழ்ப்பாள் விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நான் முனைக்கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பால் வாங்கி வரக்கூட அவளை வீட்டில் தனியாக விட முடியாத காலம் ஒன்று இருந்தது. அதற்காக நான் ஒரு விதி செய்தேன். அம்மா வெளியே போனால் தாழ் போட வேண்டும். பெல் அடித்தால்தான் பக்கத்தில் போக வேண்டும். போய் யாரு என்று கேட்க வேண்டும். அம்மா என்றோ அப்பா என்றோ பதில் வந்தால் திறக்க வேண்டும். இந்த நாலு வரியைச் சொல்லிக்கொடுக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. இருபடிச் சமன்பாட்டை நான் யாருக்கும் இரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்ததில்லை.

கற்றுக்கொண்டாள் பாருங்கள், அப்படியொரு கற்றல். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தாழ் போடாத கதவே கிடையாது. தெருவில் நடந்து போனால் இரண்டு பக்கமும் திறந்து கிடக்கிற கேட்டுகளை ஒவ்வொன்றாகக் கொண்டி மாட்டிக்கொண்டே வருவாள். ஒருநாள் சாயங்காலம் தீபாராதனைக்குக் கோயில் மணி அடித்தது. இவள் கதவருகே போய் யாரு என்று கேட்டாள். பதில் வரவில்லை, திரும்பி வந்துவிட்டாள். சாமியே வந்திருந்தாலும் பெயர் சொல்லாததால் உள்ளே விடவில்லை.

அதிகமாக அகப்பட்டது என் வீட்டுக்காரர்தான். அவருக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போனார், நான் கடைக்குப் போனேன், இவள் விதிப்படி வாசல் கதவைத் தாழ் போட்டாள். போட்ட கையோடு குளியலறைக் கதவையும் வெளியே தாழ் போட்டாள். அவர் உள்ளே இருந்து தட்டினார், கெஞ்சினார், பாட்டுக்கூடப் பாடினாராம். இவள் வெளியே நின்று பொறுமையாகச் சொல்லியிருக்கிறாள், பெல் அடிக்கவில்லை என்று. நான் வந்து வாசல் பெல்லை அடித்த பிறகுதான் எல்லாம் திறந்தது. மறுநாளே மனுஷன் ஒரு சைக்கிள் பெல் வாங்கிவந்து குளியலறையில் சோப்புத்தட்டுக்குப் பக்கத்தில் பொருத்திவிட்டார். இப்போது குளித்து முடித்ததும் கிணிங் கிணிங் என்று அடிப்பார், இவள் போய் யாரு என்பாள், அப்பா என்பார், கதவு திறக்கும். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கு முதலில் நாங்கள் காட்டுவது அந்த பெல்லைத்தான்.

ஏழாம் வகுப்பு வரை பக்கத்தில் இருந்த சாதாரணப் பள்ளியிலேயே படித்தாள். ஏழு முடியச் சில மாதம் இருக்கும்போதே அங்கே பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார். டீ கொடுத்தபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஹைஸ்கூல் என்றால் வேறு மாதிரி, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு டீச்சர், பெரிய கட்டிடம், ஆயிரம் பிள்ளைகள், இவளுக்குத் தாங்காது, வேறு நல்ல இடமாகப் பாருங்கள் என்றார். எந்த இடம் என்று கேட்டேன். அவர் தன் டீயைக் குடித்தார்.

நான் தேடாத இடம் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கான இடங்கள் இருந்தன. சுவரெல்லாம் முயலும் யானையும், நடுவில் ஓர் ஊஞ்சல். என் மகள் அந்த ஊஞ்சலில் உட்கார்ந்தால் கால் தரையில் இழுபடும். வளர்ந்தவர்களுக்கான இடங்களும் இருந்தன. அங்கே காகிதப் பை ஒட்டிக்கொண்டும் மெழுகுவர்த்தி செய்துகொண்டும் இருந்தார்கள். இவள் பின்னத்தைத் தசமமாக்குகிறவள், இப்போதே எதற்கு மெழுகு? பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை இந்தப் பிள்ளைகள் எங்கேயாவது தவம் செய்யப் போய்விடும் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது போல. விழிஞ்ஞம் பக்கம் ஒன்று இருந்தது, அங்கே இடம் நிறைந்துவிட்டது. கழக்கூட்டத்தைத் தாண்டி இன்னொன்று, அந்த டிராஃபிக்கில் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பள்ளிக்கூடம் விட்டிருக்கும்.

கடைசியில்தான் அந்த ஹைஸ்கூலைப் பற்றிக் கேள்விப்பட்டேன். சாதாரணப் பள்ளிதான். ஆனால் வராந்தாவின் கடைக்கோடியில், மைதானத்துச் சத்தம் எட்டாத ஓர் அறையில், ஆட்டிசம் உள்ள பெரிய பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு வைத்திருந்தார்கள். பாடமும் உண்டு. சமையலும், பஸ்ஸில் போய்வருவதும் சொல்லிக்கொடுப்பார்கள். மொத்தம் எட்டு நாற்காலி. ஒரு பிள்ளையின் குடும்பம் துபாய்க்குப் போய்விட்டதால் எட்டாவது நாற்காலி காலி. அந்த ஒரு நாற்காலிக்குப் பல பேர் மனு போட்டிருந்தோம். அது கிடைக்காவிட்டால் ஜூன் மாதத்தில் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் புதுக்குடை பிடித்துப் பள்ளிக்குப் போகும்போது என் மகள் வீட்டில் உட்கார்ந்து கதவைத் தாழ் போட்டுக்கொண்டிருப்பாள். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்டர்வியூ உண்டு என்று கடிதம் வந்தது. இன்டர்வியூ என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குள் இருந்த டியூஷன் டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வாட்ஸாப் குழுவில் எங்களை மாதிரி அம்மாமார்கள் நிறையப் பேர் உண்டு. முந்தின வருஷங்களில் அங்கே போய்வந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து என்ன கேட்டார்கள், எந்த வரிசையில் கேட்டார்கள், யார் கேட்டார்கள் என்று துருவினேன். ஒரு வாரத்தில் கேள்வித் தொகுப்பு தயார். பெயர் என்ன, வீடு எங்கே, வழி தவறினால் என்ன செய்வாய், பசித்தால் யாரிடம் சொல்வாய், யாராவது தள்ளிவிட்டால் என்ன செய்வாய். எல்லாம் இந்த ஊர் மொழியான மலையாளத்தில். பதில்களைப் பாயின்ட் பாயின்டாக எழுதினேன். பாயின்டாக எழுதினால்தான் முழு மார்க் என்று ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லுகிறவள் நான்.

மாடல் பரீட்சையும் நடந்தது. சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் வீட்டுக்காரரைக் கண்ணாடி போட்டு உட்கார்த்தி, இவர்தான் ஹெச்.எம். என்றேன். மகள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். இது அப்பா என்றாள். இப்போதைக்கு ஹெச்.எம். என்று வைத்துக்கொள் என்றேன். வைத்துக்கொள்ள முடியாது, இது அப்பா என்றாள். அவர் ஹெச்.எம். வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போனார். பிறகு நானே கேட்டேன், நானே திருத்தினேன். கையை உதறக் கூடாது, பேப்பரை மோந்து பார்க்கக் கூடாது, காதைப் பொத்தக் கூடாது, முக்கியமாக எந்தக் கதவையும் தொடக் கூடாது என்று இன்னொரு பட்டியலும் போட்டேன்.

வீட்டுக்காரர் ஒருநாள் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"இவளுக்கு என்னெல்லாம் முடியாதுன்னு பாக்கத்தானே அவங்க கூப்பிடுகா? நீ எல்லாத்தையும் முடியும்னு ஆக்கிட்டா பின்னே எப்படி?"

நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். இன்டர்வியூவில் பதில் தெரியாமல் முழிக்கிற பிள்ளைக்கு எவனாவது சீட்டு கொடுப்பானா என்று கேட்டேன். அவர் மறுபடியும் பேப்பருக்குள் போய்விட்டார். அன்றைக்கு அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம். சொல்லியென்ன, கேட்கவில்லை.

இன்டர்வியூ அன்று காலையில் பழவங்காடி கணபதி கோயிலில் இறங்கித் தேங்காய் விடலை போட்டோம். இவள் எல்லாக் கேள்விக்கும் தப்பில்லாமல் பதில் சொல்லிவிட வேண்டும் என்று மனமுருக வேண்டினேன். பிள்ளையாரைக் குறை சொல்ல முடியாது. நான் கேட்டதை அப்படியே கொடுத்தார்.

ஹெச்.எம். அறை பழைய கட்டிடத்தில் இருந்தது. கனமான இரட்டைக் கதவு, வெளிப்பக்கம் ஒரு முழ நீளத்துக்கு இரும்புத் தாழ்ப்பாள். அதைப் பார்த்ததும் மகளின் கண் ஒரு தடவை மின்னியது, நான் கையைப் பிடித்து அழுத்தினேன். உள்ளே மூன்று பேர். நடுவில் ஹெச்.எம்., நல்ல மனுஷர், எதற்கெடுத்தாலும் தலையை ஆட்டுகிறவர். வலது பக்கம் மதிப்பீடு செய்ய வந்த மேடம், முன்னால் ஒரு ஃபைல். இடது பக்கம் அந்தத் தனி வகுப்பின் டீச்சர். பருத்திச் சேலை, கையில் வெறும் பென்சில். ஏதோ ஒரு சர்ட்டிஃபிகேட்டின் நகல் குறைகிறது என்று சொல்லி என் வீட்டுக்காரரை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த ஆபீஸுக்குப் போனாலும் ஒரு நகல் குறையத்தான் செய்யும்.

மேடம் கேட்க ஆரம்பித்தார். முதல் கேள்வி, என் முதல் கேள்வி. இரண்டாவது, என் இரண்டாவது. வரிசைகூட மாறவில்லை. வழி தவறினால் என்ன செய்வாய் மோளே என்றார். ஒன்று, நின்ற இடத்தில் நிற்க வேண்டும். இரண்டு, அழக் கூடாது. மூன்று, போலீஸிடமோ கடைக்காரரிடமோ அம்மாவின் நம்பரைச் சொல்ல வேண்டும். மகள் மலையாளத்தில் மணி மணியாகச் சொன்னாள். கையை உதறவில்லை, எதையும் மோந்து பார்க்கவில்லை. ஹெச்.எம். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். டீச்சர் மட்டும் மூன்றாவது பதிலிலேயே குனிந்துகொண்டு பென்சிலைக் கடித்தார்.

பிறகு மகளை வராந்தா பெஞ்சில் பியூன் சேச்சியோடு உட்காரச் சொல்லிவிட்டு, மேடம் என்னிடம் பேசினார். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். உங்கள் மகள் ரொம்பக் கெட்டிக்காரி, கேட்டதற்கெல்லாம் பதில் வருகிறது, நடத்தையிலும் பிரச்சினை தெரியவில்லை, கொஞ்சம் உதவி இருந்தால் சாதாரண வகுப்பிலேயே சமாளித்துவிடுவாள், இந்த ஒரு இடத்தை இதைவிட அவசியமான பிள்ளைக்குக் கொடுப்பதுதானே நியாயம் என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அரை நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. என் பிள்ளை ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று ஓர் ஆபீஸர் சொல்லிவிட்டார். அடுத்த அரை நொடியில்தான் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று உறைத்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் பாயின்ட் போட்டு எழுதி மனப்பாடமும் செய்ய வைத்திருந்தேன்.

அப்புறம் நான் வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தேன். என் மகளுக்கு என்னவெல்லாம் முடியாது என்று சொல்ல ஆரம்பித்தேன். பத்து வருஷமாகச் சொந்தக்காரர்களிடமும் பக்கத்து வீட்டாரிடமும் அவளால் இது முடியும், அது முடியும் என்றே சொல்லிப் பழகிய வாய், திக்கித் திணறியது. வயிறு வலித்தால் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது என்றேன். யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களா, கூடச் சேர்ந்து சிரிக்கிறார்களா என்று தெரியாது என்றேன். பழைய பள்ளியில் ஒரு வருஷம் முழுக்க இன்டர்வெல் நேரத்தில் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு நின்றாள், வருஷக் கடைசியில்தான் எனக்கே தெரியும் என்றேன். சொல்லச் சொல்ல அவளைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது. அழுகை வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள், என் மேல்தான்.

மேடம் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஃபைலைப் பார்த்தார். நான் பார்த்ததைத்தானே நான் எழுத முடியும் என்றார்.

அந்த நேரத்தில்தான் கதவு சாத்தப்பட்டது. தொடர்ந்து டக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகப் பழக்கம்.

ஹெச்.எம். எழுந்து போய்க் கதவைத் தள்ளினார். அது அசையவில்லை. கதவுக்குப் பக்கத்தில் கம்பி போட்ட ஜன்னல் ஒன்று இருந்தது, அதன் வழியாகப் பார்த்தால் மகள் தாழ்ப்பாளின் மேல் கை வைத்துக் காவல்காரி மாதிரி நிற்கிறாள். பியூன் சேச்சி எங்களுக்கு டீ வாங்கப் போயிருந்தார். என் ஃபோன் என் பையில் இருந்தது, பை வெளியே பெஞ்சில் இருந்தது. திற மோளே, திற என்று ஹெச்.எம். குரலை உயர்த்தினார். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் அவரை உட்காரச் சொன்னார். ஹெச்.எம்.மை உட்காரச் சொல்கிற டீச்சரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவரும் உட்கார்ந்தார்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். திறப்பதற்கு அவளுக்கு என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஏன் பூட்டினாள் என்று அவர் கேட்கவில்லை. நான் நாலு வரி விதியைச் சொன்னேன். பெல் அடிக்க வேண்டும், அவள் யாரு என்று கேட்பாள், அம்மா என்று சொல்ல வேண்டும், திறப்பாள். நான் ஜன்னலில் நிற்பதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தால் என்ன, பெல் அடிக்கவில்லை, ஆகவே அம்மா இன்னும் வரவில்லை.

இங்கே பெல்லுக்கு எங்கே போவது என்றார் ஹெச்.எம். எந்த பெல்லாக இருந்தாலும் போதும், எங்கள் வீட்டில் சைக்கிள் பெல்லுக்கே திறப்பாள் என்றேன். அப்படியானால் இந்தப் பள்ளியிலேயே பெரிய பெல் ஒன்று இருக்கிறதே என்றார் டீச்சர்.

ஹெச்.எம். பியூன் சேச்சிக்கு ஃபோன் போட்டார். சேச்சி டீத் தூக்கோடு ஓடிவந்தார். வந்து ஜன்னல் வழியாக எங்கள் நாலு பேரையும் பார்த்து, தாழ்ப்பாளில் கை வைக்கப் போனார். மகள் நகரவில்லை. அவளைத் தொடாதீர்கள், திட்டாதீர்கள், போய் பெல்லை மட்டும் அடியுங்கள் என்றார் டீச்சர். சேச்சி கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்டர்வெல் ஆயில்லல்லோ சாரே."

இன்டர்வெல் ஆகவில்லையாம். இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறதாம். நேரம் ஆகாமல் பெல் அடிக்க அவரால் முடியாதாம். அவருக்கும் ஒரு விதி. நான் அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டேன். ஊரில் எல்லோரும் ஏதாவது ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு கதவருகே நிற்கிறவர்கள்தான், என் மகளுக்கு மட்டும்தான் அதற்கு சர்ட்டிஃபிகேட் இருக்கிறது. ஹெச்.எம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான்தான் ஹெச்.எம்., நான் சொல்கிறேன், அடி என்றார். சேச்சி முணுமுணுத்துக்கொண்டே போனார்.

பெல் அடித்தது. பழைய தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு இரும்பால் அடிக்கிற பெல், காது கிழிந்தது. மகள் கதவின் பக்கம் திரும்பினாள்.

"யாரு?"

"அம்மா," என்றேன்.

தாழ் விலகியது. அதற்குள் பெல் சத்தம் கேட்ட அத்தனை வகுப்பும் திறந்துவிட்டது. இருபது நிமிஷம் முன்னாலேயே கிடைத்த இன்டர்வெல், கேட்க வேண்டுமா? பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு வராந்தா நெடுகப் பாய்ந்து வந்தார்கள். மகளின் முகம் வெளுத்துவிட்டது. ஒரே தாவலில் உள்ளே வந்தாள், கதவைச் சாத்தினாள், இந்தத் தடவை உள்தாழ்ப்பாளைப் போட்டாள். போட்டுவிட்டு ஹெச்.எம்.மின் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் போய்க் குந்தி உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

நான் எழுந்தேன். டீச்சர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவர் நாற்காலியிலிருந்து இறங்கி, மகளுக்குப் பக்கத்தில், ரொம்பப் பக்கத்திலும் இல்லாமல், தரையில் உட்கார்ந்தார். பேசவில்லை, தொடவில்லை. பென்சிலைத் தரையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். ஹெச்.எம். ஃபேனை நிறுத்தினார்.

மகள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்று, நின்ற இடத்தில் நிற்க வேண்டும். இரண்டு, அழக் கூடாது. மூன்று, அம்மாவின் நம்பர். நான் மார்க்குக்காக எழுதிக்கொடுத்த பாயின்டுகள். அவள் அவற்றைப் பயத்துக்குப் பிடிமானமாக வைத்திருந்தாள். மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு. அழக் கூடாது என்று எழுதினேனே பாவி, பிள்ளை அழாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

இன்டர்வெல் முடிகிற பெல் அடித்து, வராந்தா காலியாகிற வரைக்கும் மேடம் ஃபைலைத் தொடவில்லை. மகள் காதிலிருந்து கையை எடுத்து, தரையில் கிடந்த பென்சிலை மோந்து பார்த்தாள். டீச்சர் பையிலிருந்து இன்னொரு பென்சில் எடுத்துத் தானும் மோந்து பார்த்தார். இது நல்லா இருக்கு என்கிற மாதிரி தலையாட்டினார். மகள் இரண்டு கையையும் உதறினாள்.

மேடம் என்னிடம் எத்தனை நாள் பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேட்டார். பொய் சொல்லத் தெம்பில்லை. மடித்துச் சேலையில் செருகியிருந்த கேள்வித் தொகுப்பையே எடுத்து நீட்டினேன். அவர் படித்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கேள்விகூட விடாமல் அவருடைய கேள்விகள், அவருடைய வரிசை. இனிமேல் நான் கேள்விகளை மாற்ற வேண்டும் என்றார். மூன்றாவது பதிலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, எந்தப் பிள்ளையும் பாயின்ட் போட்டுப் பேசாது என்றார் டீச்சர்.

திங்கள்கிழமையிலிருந்து இரண்டு வாரம் வகுப்புக்கு வரட்டும், டீச்சர் பார்த்துச் சொல்வதை நான் எழுதிக்கொள்கிறேன் என்றார் மேடம். ஒரே ஒரு நிபந்தனை, அதுவரை அம்மா எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் என்னுடைய பரீட்சை. கதவைத் திறந்து வெளியே வந்தால், என் வீட்டுக்காரர் ஜெராக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, சேச்சியிடம் கதை முழுவதையும் கேட்டு முடித்திருந்தார். அடுத்த தடவை சைக்கிள் பெல்லை எடுத்துக்கொண்டே கிளம்பலாம் என்றார்.

டியூஷன்காரிக்குச் சஸ்பென்ஸ் வைக்கத் தெரியாது, விடையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் முடிந்து எட்டாவது நாற்காலி அவளுக்கே ஆனது. ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியது முதல் திங்கள்கிழமையைப் பற்றி.

அன்றைக்கும் பழவங்காடியில் ஒரு தேங்காய் விடலை போட்டேன். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது. வராந்தாவின் கடைக்கோடி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏழு பிள்ளைகள் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜன்னலோரம் எட்டாவது நாற்காலி. மகள் அதை மோந்து பார்த்தாள், உட்கார்ந்தாள். டாட்டா சொல்லு என்று வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். திரும்பி நடந்தேன். வாசல் கேட்டை எட்டிய பிறகுதான், அவள் மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் என் கையிலேயே இருப்பதைப் பார்த்தேன். அவளுக்கு அந்த ஒரு பாத்திரத்தில் போட்ட தயிர்சாதம்தான் இறங்கும்.

திரும்ப ஓடினேன். வகுப்புக் கதவு சாத்தியிருந்தது. தள்ளிப் பார்த்தேன், உள்ளே தாழ் போட்டிருந்தது. யார் போட்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. தட்டினேன்.

"யாரு?"

"அம்மா மக்ளே. சோத்துப் பாத்திரம் என் கையிலயே இருந்துட்டு."

தாழ்ப்பாள் ஒரு தடவை அசைந்து நின்றது. யோசிக்கிறாள் என்று தெரிந்தது.

"பெல் அடிக்கலையே," என்றாள்.

டீச்சர் உள்ளேதான் இருந்தார், அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக்கோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது, அதைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். பதின்மூன்று வருஷத்தில், அவள் உள்ளே நிம்மதியாக இருக்க நான் வெளியே நிற்பது அதுதான் முதல் தடவை. பியூன் சேச்சி தூரத்தில் தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார், முடியாது என்று தலையை ஆட்டினார். நான் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். இன்டர்வெல்லுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.